பிரீசருக்குள் உழ்ஹிய்யா



ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் சென்றால் போதும், ஒரு கேள்வி தவறாமல் என்னைத் தேடி வரும். "மௌலவி, உழ்ஹிய்யா இறைச்சியை எத்தனை நாளைக்கு வைத்துச் சாப்பிடலாம்?" கேட்பவர் அநேகமாக ஒரு தாயாராகவோ மாமியாராகவோ இருப்பார். கேள்வி மார்க்கத்தைப் பற்றியது போலத் தோன்றினாலும், பாதி மார்க்கமும் பாதி பிரிட்ஜும்தான் அதில் இருக்கின்றன. இரண்டு பாதிக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

மார்க்கப் பாதி சுருக்கமானது. உழ்ஹிய்யா இறைச்சி மூன்று நாட்களுக்கு மேல் வீட்டில் தங்கக் கூடாது என்று ஓராண்டில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மறு ஆண்டில் தோழர்கள் அதுபற்றிக் கேட்டபோது தடையை நீக்கினார்கள். உண்ணவும், கொடுக்கவும், சேமிக்கவும் அனுமதித்தார்கள். முந்திய ஆண்டில் மக்கள் பட்ட கஷ்டமே அந்தத் தடைக்குக் காரணம் என்றும் விளக்கினார்கள். ஸலமா இப்னுல் அக்வஃ (ரழி) அவர்கள் வழியாக இச்செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. ஆட்டுக் காலை எடுத்து வைத்துப் பதினைந்து நாட்களுக்குப் பின் உண்டது பற்றி ஆயிஷா (ரழி) அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே சேமிப்பது குற்றமல்ல. அன்று உப்புத் தடவியும் வெயிலில் உலர்த்தியும் வைத்தார்கள். நம் பாட்டிமார் உப்புக்கண்டம் போட்டதும் அதே வழிதான். இன்று பிரீசர் வந்திருக்கிறது, அவ்வளவே.

ஆனால் இந்த ஹதீஸில் நாம் பிடித்துக்கொள்வது 'சேமிக்கலாம்' என்ற ஒரு சொல்லை மட்டும்தான். தடை ஏன் வந்தது என்பது காதில் ஏறுவதில்லை. பசித்தவர்கள் ஊருக்குள் இருந்தபோது இறைச்சி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்பதே அந்தக் காரணம்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசத்தில் இந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் இது. வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கும் அதிகமானோர் அந்த ஒக்டோபரில் அகதிகளானார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்குப் பங்கு இறைச்சியின் பெறுமதி தெரியும். போர் 2009இல் முடிந்த பின் சோனகத் தெருவுக்கும் ஐந்து சந்திப் பக்கத்துக்கும் திரும்பி வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாழ்வு அமையவில்லை. ஒரு வீட்டில் இரட்டைக் கதவு பிரிட்ஜ் நிற்கிறது. அடுத்த ஒழுங்கையில் பூச்சுப் பூசாத சுவருக்குள் ஒரு விதவைத் தாய் பிள்ளைகளை வளர்க்கிறார். அவருடைய பங்கு உங்கள் பிரீசருக்குள் கிடக்கலாமா?

நாம் பின்பற்றுகின்ற ஷாபிஈ மத்ஹபில் சுன்னத்தான உழ்ஹிய்யாவிலிருந்து ஒரு பகுதியை ஏழைக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். அதையும் பச்சை இறைச்சியாகவே கொடுக்க வேண்டும். சமைத்து அழைத்து விருந்து வைப்பது அந்தக் கடமையை நிறைவேற்றாது. சிறிதளவு பரக்கத்துக்காக உண்டுவிட்டு மற்றதைக் கொடுத்துவிடுவதே சிறப்பு. நேர்ச்சை வைத்த உழ்ஹிய்யாவாக இருந்தால் பேச்சே இல்லை. அதில் ஒரு துண்டுகூட உரியவரின் அடுப்புக்கோ பிரீசருக்கோ வரக்கூடாது, முழுவதும் ஏழைகளுக்குரியது. இந்தச் சட்டத்தை அறியாமல் நேர்ச்சை இறைச்சியை மாதக்கணக்கில் வைத்துச் சமைக்கிறவர்கள் உண்டு. ஆகவே முதலில் பங்கு போய்ச் சேரட்டும். எஞ்சியதைப் பற்றித்தான் இனிப் பேச்சு.

எஞ்சியது எவ்வளவு குளிரில் இருக்கிறது?

பிரிட்ஜின் கீழ்ப் பகுதி 4 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். பிரீசர் மைனஸ் 18 பாகையில் இருக்க வேண்டும். உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில். பிரிட்ஜுக்குள் இருக்கும் திருகியில் 1, 2, 3 என்று போட்டிருப்பதைப் பாகை என்று நினைத்துவிடாதீர்கள். அது குளிரின் வேகத்தைக் காட்டும் இலக்கம் மட்டுமே. பெரும்பாலான பெட்டிகளில் இலக்கம் கூடக் குளிர் கூடும். உண்மையான குளிரை அறிய ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி நடுத் தட்டில் ஒரு குவளைத் தண்ணீரில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பாருங்கள். இலட்சக் கணக்கில் பிரிட்ஜுக்குக் கொடுப்பவர்கள் இந்தச் சிறு செலவுக்கு யோசிக்கிறார்கள்.

சமைத்த உணவோ பச்சை இறைச்சியோ வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான விதி. ஆனால் வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அந்த இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்துச் சித்திரை, வைகாசி வெயிலை நினைத்துப் பாருங்கள். குர்பானி இறைச்சி அறுத்த இடத்திலிருந்து பங்கு பிரித்து, பையில் கட்டி, சைக்கிளில் தொங்கி வீட்டுக்கு வந்து, சமையலறை மூலையில் 'பிறகு பார்ப்போம்' என்று கிடப்பதற்குள் எத்தனை மணி நேரம் ஆகிறது? கெடுதல் பிரீசருக்குள் தொடங்குவதில்லை. அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிரீசரின் குளிர் கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். வெளியே எடுத்ததும் அது விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும். இதை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி விஷயம் முடிந்தது.

இறைச்சி வந்ததும் ஒரு வேளைக் கறிக்குத் தேவையான அளவாகப் பிரித்துவிடுங்கள். ஐந்து கிலோவை ஒரே பையில் கட்டித் தள்ளினால் வெளிப்புறம் கல்லாகும், நடுப்பகுதி நெடுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். உணவுக்கென்று விற்கும் சுத்தமான பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, கையால் தட்டித் தட்டையாக்கி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் முதலில் பரப்பி வையுங்கள். உறைந்த பிறகு அடுக்கலாம். கடையில் சாமான் கட்டித் தருகிற கறுப்புப் பை வேண்டாம். பையின் மேல் திகதியை எழுதுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்பது எல்லா உம்மாமாரும் சொல்வதுதான். மூன்று மாதத்தின் பின் உறைந்த பொதி எல்லாம் ஒரே முகமாகத்தான் இருக்கும்.

துண்டு இறைச்சி மைனஸ் 18 பாகையில் ஆறு மாதம், அதற்கு மேலும்கூடச் சுவை குறையாமல் இருக்கும். கொத்திய இறைச்சியும் ஈரல், குடல் போன்றவையும் மூன்று நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும். கொழுப்பு அதிகமுள்ளது உறைந்த நிலையிலும் மெல்ல மெல்லக் காறல் எடுக்கும். வெள்ளை வெள்ளையாக உலர்ந்த திட்டுகள் தெரிந்தால் அது காற்றுப் பட்டதன் அடையாளம்; ஆபத்தில்லை, சுவைதான் போயிருக்கும்.

உறைந்ததை இளக்குவதில்தான் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. சுபஹு தொழுதுவிட்டு இறைச்சிப் பொதியை அடுப்படித் திண்ணையில் வைத்தால் பதினொரு மணிக்குச் சமைக்கும்போது நடுவில் ஐஸும் வெளியில் கிருமியுமாக இருக்கும். முதல்நாள் இரவே பிரீசரிலிருந்து கீழ்த் தட்டுக்கு இறக்கிவிடுங்கள். அவசரமானால் பையோடு குளிர்ந்த நீரில் போட்டு அரை மணிக்கொரு தடவை நீரை மாற்றலாம். வெளியில் இளகியதை மீண்டும் உறைய வைக்கக் கூடாது. பிரிட்ஜுக்குள்ளேயே இளகியதென்றால் மீண்டும் உறைய வைப்பதில் ஆபத்தில்லை, சாறுதான் குறையும்.

இளகும் இறைச்சியிலிருந்து சிவப்பு நீர் கசியும். அதைக் கண்டு "மௌலவி, பிரிட்ஜ் நஜீஸாகிவிட்டதா?" என்று பதறுகிற சகோதரிகள் உண்டு. அறுக்கும்போது பீறிடும் இரத்தம்தான் பெரிய விஷயம். முறைப்படி அறுத்த பின் தசைக்குள் தங்கிவிட்டது மன்னிக்கப்பட்டது என்றே சட்ட நூல்கள் கூறுகின்றன. கசிவதில் பெரும்பகுதி தசையின் நிறம் ஏறிய நீரே. ஆனாலும் அந்த நீரில் கிருமிகள் இருக்கும். அது வட்டிலப்பத்திலோ சலாதுக்கு வெட்டிய வெள்ளரிக்காயிலோ சொட்டினால் வீடே வயிற்றோட்டத்தில் விழும். ஆகவே பச்சை இறைச்சியும் கோழியும் மீனும் எப்போதும் அடித் தட்டில், விளிம்புள்ள பாத்திரத்துக்குள் இருக்க வேண்டும். சமைத்தது மேலே. கோழியைக் குழாய்க்கு நேரே பிடித்துக் கழுவாமல் ஒரு சட்டிக்குள் நீர் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். தெறிக்கும் துளி இரண்டு முழம் தள்ளியிருக்கும் தட்டில்கூட விழும்.

மீன் விஷயம் தனி. சூரை, கும்பிளா, சாளை போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். பலர் இதை 'எனக்குச் சூரை மீன் ஒத்துக்கொள்ளாது' என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஒத்துக்கொள்ளாதது அந்த மீன் கிடந்த வெயில். அந்த நஞ்சைக் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழிக்க முடியாது. பிரீசரும் அழிக்காது. சந்தைக்குப் போகும்போது கடைசியாக மீன் வாங்குங்கள், வந்ததும் வராததுமாகக் குடலை எடுத்துக் குளிரில் வையுங்கள். இந்த வேலையைப் பின்னேரம் வரை ஒத்திப்போடக் கூடாது.

சூடான உணவைப் பிரிட்ஜில் வைக்கலாமா என்பது அடுத்த சந்தேகம். பெரிய புரியாணிச் சட்டியை அப்படியே உள்ளே தள்ளினால் பக்கத்திலுள்ளவை எல்லாம் சூடாகிவிடும். அதற்காக இரவு முழுக்க வெளியில் வைத்து ஆறவிடுவதும் பிழை. சோற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாவதில்லை. வெதுவெதுப்பில் முளைத்து நஞ்சைக் கக்கும். மறுநாள் சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பினால் அரை மணியில் ஆவி அடங்கும்; உடனே மூடி உள்ளே வையுங்கள். தேங்காய்ப்பால் விட்ட சொதியும் கறியும் இன்னும் விரைவாகக் கெடும். நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். பள்ளிவாசலிலிருந்து அஸருக்குப் பின் வந்த கஞ்சியில் மிஞ்சியதை ஸஹருக்கு என்று மேசையில் மூடி வைப்பதைவிட இஃப்தார் முடிந்ததும் குளிரில் வைத்து, ஸஹரில் நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிப்பதே முறை.

பாத்திரங்களை இரவில் மூடி வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். பிரிட்ஜுக்குள்ளும் இந்தச் சுன்னத்து செல்லும். திறந்த பாத்திரம் ஈரத்தை விடும், மணத்தை வாங்கும், மேலே சொட்டுவதையும் ஏற்கும். இன்னொரு ஹதீஸும் நினைவுக்கு வருகிறது. நெய்யில் எலி விழுந்துவிட்டால் அதையும் சுற்றியுள்ளதையும் எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்பது மைமூனா (ரழி) அவர்கள் அறிவிப்பதன் சாரம். நெய் உறைந்திருந்தால் அப்படி, உருகியிருந்தால் முழுவதையும் விட வேண்டும் என்று அறிஞர்கள் பிரித்துச் சொன்னார்கள். பூஞ்சணம் பிடித்த உணவுக்கும் ஏறத்தாழ இதே கணக்கை இன்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். கெட்டியான சீஸ் துண்டில் பூஞ்சணம் என்றால் ஆழமாக வெட்டி எறிந்துவிட்டு மீதியைப் பாவிக்கலாம். பாணிலோ ஜாமிலோ தயிரிலோ என்றால் முழுவதும் போக வேண்டும், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத வேர் உள்ளே ஓடியிருக்கும்.

'எறிந்தால் வீண்விரயம் ஆகுமே' என்று பழுதானதைப் பிள்ளைக்குச் சூடாக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வீண்விரயம் நடந்தது எறிகிற நேரத்தில் அல்ல. தேவைக்கு மேல் வாங்கி அடைத்த நேரத்தில். குர்ஆன் ஹலாலுடன் தய்யிபையும் சேர்த்தே சொல்கிறது. பிஸ்மில் சொல்லி அறுத்த இறைச்சியும் கெட்டுப்போனால் உடலுக்குத் தீங்குதான்.

தண்ணீரும் ஐஸும்

நம் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கி நிற்பது. மேலே விழுவது வடியாமல் விரைவாகக் கீழே இறங்கும். கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருக்கும் நெருக்கமான வளவுகளில் கிணற்று நீரில் மலக்கிருமி கலப்பது இதனால்தான். நெருப்புக் காய்ச்சலுக்கு யாழ்ப்பாணம் அந்நியமல்ல. நோன்பு திறக்க ஐஸ் போட்ட சர்பத் கரைக்கும்போது, குடிக்கும் நீரைக் காய்ச்சுகிற அதே உம்மா ஐஸ் தட்டில் மட்டும் குழாய் நீரைப் பிடித்து வைப்பார். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கை. சாகாது. ஐஸுக்கும் கொதித்து ஆறிய நீரையே பாவியுங்கள்.

மின்சாரம் போனால்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரமே இருக்கவில்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை இன்றும் நம்மிடையே வாழ்கிறது. போருக்குப் பின் வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகம் மீண்டும் தேசிய மின்கட்டமைப்புடன் இணைந்தது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் முழு நாடும் இருளானது! ஆகவே கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப் பகுதி நான்கு மணி நேரம் தாங்கும். நிறைந்த பிரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் தாங்கும். வெற்றிடம் இருந்தால் தண்ணீர்ப் போத்தல்களை (முக்கால் பங்கு மட்டும் நிரப்பி) உறைய வையுங்கள். அவை குளிரைப் பிடித்து வைக்கும். வெளியூர் போகிறவர்களுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு கோப்பை நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் உறைந்து கிடந்தால், நீங்கள் இல்லாத வேளையில் எல்லாம் உருகி மீண்டும் உறைந்திருக்கிறது என்று பொருள். மூக்கை நம்ப வேண்டாம்; நோய் தரும் கிருமிகள் பலவும் மணம் தருவதில்லை. இளகிய பொதிக்குள் ஐஸ் பரல்கள் இன்னும் தெரிந்தால் மீண்டும் உறைய வைக்கலாம். முழுவதும் இளகி வெதுவெதுப்பாகி நேரம் சென்றுவிட்டால் எறிவதைத் தவிர வழியில்லை.

மின்வெட்டு வந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மின்சாரம் திரும்பும் கணத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கும். கொம்பிரஷர் எரிவது பெரும்பாலும் அப்போதுதான். ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். உள்ளே வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வரும் முன் கொம்பிரஷர் கிளம்பத் திணறும். தாமதமாக மின் கொடுக்கும் ஸ்டெபிலைசர் இந்த வேலையைத் தானே செய்யும்.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியபோது பல வீடுகளில் இரவில் பிரிட்ஜை நிறுத்தினார்கள். இது தவறான சிக்கனம். நிறுத்திய குளிரை மறுபடி உண்டாக்க அது மூச்சிறைக்க ஓடும், உணவும் கெடும். உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பின்புறத்துக் கம்பி வலையில் படிந்த தூசியை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் துலாம்பினால் தட்டுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடுப்புக்கும் யன்னல் வெயிலுக்கும் தூரமாக வையுங்கள். கதவின் ரப்பரில் ஒரு கடதாசியை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; தடையில்லாமல் வந்தால் குளிர் அந்த வழியாகத்தான் போகிறது. சவர்க்கார நீரால் துடைத்தும் சரிவராவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பிரீசர் சுவரில் பனி அரை சென்ரிமீற்றர் தடித்தால் நிறுத்தி உருக விடுங்கள். கத்தியால் கொத்தவே கூடாது. மெல்லிய அலுமினியக் குழாய் துளைபட்டால் வாயு வெளியேறும். புதிய பெட்டிகளில் உள்ள ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கக் கூடியது. ஈரக் காலோடு பிரிட்ஜைத் தொட்டு 'சுள்' என்று பட்டால் அன்றே மின்வேலை தெரிந்தவரை அழைத்து ஏர்த் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்சுலின் பாவிப்பவர்கள் வீட்டில் இருந்தால் அது 2 முதல் 8 பாகைக்குள் நடுத் தட்டில் இருக்க வேண்டும். கதவிலும் வேண்டாம், பிரீசரில் அறவே வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகினாலும் பயனற்றது. நீண்ட மின்வெட்டில் அதைப் பையில் சுற்றி, ஈர மணலில் வைத்த மண் சட்டிக்குள் நிழலில் வைக்கலாம்.

ஒரே பிரிட்ஜை இரண்டு மருமகள்மார் பாவிக்கிற கூட்டு வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எடுத்து வைக்கும் தாய்ப்பால் கீழ்ப் பகுதியில் நான்கு நாட்கள் வரை இருக்கலாம். ஆனால் போத்தலில் பெயரும் திகதியும் கட்டாயம் இருக்கட்டும். இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை பாலூட்டினால் பால்குடி உறவு ஏற்படும் என்பது ஷாபிஈ சட்டம்; பாத்திரத்திலிருந்து புகட்டினாலும் அப்படித்தான். பெயரில்லாத போத்தலால் இன்று நடக்கும் குழப்பம் இருபது வருடம் கழித்து ஒரு நிக்காஹ் பேச்சில் வந்து நிற்கும்.

பழுதாகிப்போன பிரிட்ஜை வளவின் மூலையில் போட்டு வைப்பவர்கள் இன்றைக்கே அதன் கதவைக் கழற்றிவிடுங்கள். ஒளித்து விளையாடும் சிறுவன் உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால், பழைய பூட்டுள்ள பெட்டிகளை உள்ளிருந்து திறக்க முடியாது. சத்தமும் வெளியே கேட்காது.